சியாட்டில் 1977: ஒரு கள்ளப்பதிவை எடைபோடுதல்

லெட் செப்பலின் ராக் குழுவின் சியாட்டில் ஒளிப்பதிவைப் பற்றி ரசிகர்களிடம் இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சிக்கு அது பொக்கிஷம்: 1977ஆம் ஆண்டு அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் ஒரு கச்சேரி ஏறக்குறைய முழுமையாக, பல கேமராக்களில், மேடைக்கு அருகிலிருந்து எடுக்கப்பட்டுக் கிடைக்கிறது. மற்றக் கட்சிக்கு அது சங்கடம்: கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜின் விரல்கள் தடுமாறிய ஓர் இரவுக்குச் சாட்சி எதற்கு என்று கேட்கிறார்கள். முதல் கட்சி அரிதாகக் கிடைப்பதையே மதிப்பு என்று கொள்கிறது. இரண்டாவது கட்சி வாசிப்பின் குறையைப் படத்தின் தலையில் ஏற்றுகிறது. இரண்டிலும் ஒளிப்பதிவைப் பற்றிய தீர்ப்பு இல்லை. கேமரா எங்கே நின்றது, எதைப் பார்த்தது, எப்போது பார்வையை மாற்றியது, அந்தத் தேர்வுகளுக்குப் பின்னால் ஒரு முறை இருக்கிறதா என்பவை வேறு கேள்விகள். கள்ளப்பதிவு என்பதாலேயே ஒரு படைப்பு இந்தக் கேள்விகளிலிருந்து விலக்குப் பெற்றுவிடாது. கள்ளப்பதிவுக்குச் சலுகை மதிப்பெண் போடும் வழக்கம் அதை மதிப்பதாகத் தோன்றினாலும், உண்மையில் அதைப் பொருட்படுத்தாமல் இருப்பதற்கான வழிதான்.

பதிவான நாள் 1977 ஜூலை 17. இடம் சியாட்டிலின் கிங்டோம் அரங்கம். 1976இல் திறக்கப்பட்ட அந்தக் கான்கிரீட் குவிமாடம் பேஸ்பாலுக்கும் அமெரிக்கக் கால்பந்துக்கும் கட்டப்பட்டது, இசைக்கு அல்ல. அதன் எதிரொலி பேர்போனது. 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெடிவைத்துத் தகர்க்கப்படும் வரை அந்தப் பெயர் மாறவில்லை. அத்தகைய அரங்கில் கடைசி வரிசை ரசிகருக்கு மேடையில் இருப்பவர் ஒரு புள்ளி. எனவே பெருந்திரை ஒன்று வைக்கப்பட்டது. அதற்குப் படம் அனுப்பக் கேமராக்கள் மேடையைச் சுற்றி நிறுத்தப்பட்டன. அந்தத் திரைக்குச் சென்ற படம்தான் நாடாவில் பதிந்து, பின்னர் வெளியே கசிந்து, பிரதிக்குப் பிரதியாகக் கைமாறியது. அதிகாரபூர்வமாக அது வெளியிடப்படவே இல்லை. யார் வெளியே கொண்டுபோனார்கள் என்பது துப்பறிவாளரின் வேலை, அதை விட்டுவிடலாம்.

ஆனால் அந்தப் படம் யாருக்காகப் பிடிக்கப்பட்டது என்பதை விட முடியாது. என் வாதம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

அரங்கத் திரைக்கான படத்தைப் பார்ப்பவர் அந்த அரங்கிலேயே இருக்கிறார். மேடை எவ்வளவு அகலம், நால்வரும் எங்கெங்கே நிற்கிறார்கள், விளக்குகள் எப்படி விழுகின்றன என்பதெல்லாம் அவர் கண்ணெதிரே இருக்கிறது. அவருக்குக் கிட்டாதவை முகமும் விரல்களும் மட்டுமே. ஆகவே திரை அவருக்கு ஒரு பைனாகுலர். அந்த வேலைக்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்க நியாயமில்லை. சியாட்டில் பதிவில் அண்மைக் காட்சிகள் குவிந்திருப்பதற்கும், முழு மேடையைக் காட்டும் சேய்மைக் காட்சிகள் அருகிப்போனதற்கும் இதுவே காரணம். கேமராக்காரர்களுக்குப் பார்வைக் கோளாறு என்று வசைபாடுபவர்கள் இந்தக் காரணத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. கொடுத்த வேலையை அவர்கள் சரியாகவே செய்தார்கள். அந்த வேலை, இன்று வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் நமக்காகத் தரப்பட்ட வேலை அல்ல என்பதுதான் சிக்கல்.

இந்த முறையிலிருந்து விளையும் நன்மைகள் சிறியவை அல்ல. முதலாவது, நெருக்கம். அதே குழுவின் அதிகாரபூர்வத் திரைப்படமான ‘தி சாங் ரிமெய்ன்ஸ் தி சேம்’ 1973 ஜூலையில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் எடுக்கப்பட்டு 1976இல் வெளிவந்தது. படச்சுருளில் இடைவெளிகள் விழுந்திருந்ததால் 1974இல் இங்கிலாந்தின் ஷெப்பர்டன் ஸ்டுடியோவில் மேடையை மறுபடி அமைத்து, குழுவை மறுபடி நிறுத்தி, நடிக்கவைத்து ஒட்டினார்கள். பேஸும் கீபோர்டும் வாசிக்கும் ஜான் பால் ஜோன்ஸ் அதற்குள் முடியை வெட்டியிருந்ததால் விக் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. போதாததற்கு ஒவ்வொருவருக்கும் ஒரு கற்பனைக் காட்சி. கைதேர்ந்த ஒளியமைப்பு, 35 மில்லிமீட்டரின் செழுமை, எல்லாம் இருந்தும் அந்தப் படத்தில் விரலுக்கும் ஒலிக்கும் உள்ள உறவை முழுமையாக நம்ப முடியாது. சியாட்டிலில் அந்த உறவு அறுபடவே இல்லை. தவறு விழுந்தால் விழுந்த இடத்தில், விழுந்த கணத்தில், விழுந்த விரலோடு தெரிகிறது. பேஜ் அந்த இரவில் சரியாக வாசிக்கவில்லை என்ற முடிவுக்கு நம்மால் வர முடிகிறது என்றால், அந்த முடிவை எட்டும் அளவுக்குப் படம் நேர்மையானது என்று பொருள். இதைக் குறையாக எழுதுகிறவர்கள் கண்ணாடியோடு சண்டை போடுகிறார்கள்.

இரண்டாவது நன்மை, நேரம். திரைக்கான படத்தைப் பின்னால் வெட்டித் தைப்பவர் யாரும் இல்லை. ‘நோ குவார்ட்டர்’ அந்தச் சுற்றுப்பயணத்தில் ஜோன்ஸின் பியானோ விரிவுரையாக நீண்டு, சில இரவுகளில் அரை மணி நேரத்தைத் தொட்டது. ஜான் பான்ஹமின் டிரம்ஸ் தனி ஆவர்த்தனமும், பேஜ் வயலின் வில்லை கிட்டார்மீது இழுக்கும் நீண்ட பகுதியும் அப்படியே. எந்தத் திரைப்படத் தொகுப்பாளரும் இவற்றைக் கத்தரித்திருப்பார். கத்தரித்தது நல்லதாகவும் இருந்திருக்கும். சலிப்பு இந்தப் பகுதிகளில் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் 1970களின் ராக் கச்சேரி எப்படி மூச்சுவிட்டது, எங்கே தேங்கியது, தேங்கியதை எப்படி மீட்டது என்பதை அறிய இந்தச் சலிப்பையும் கடந்துதான் ஆகவேண்டும்.

இனி குறைகள். அண்மைக் காட்சியை மட்டுமே நம்பும் படத்துக்கு இடம் இல்லாமல் போகிறது. ஒரு முகம், பிறகு ஒரு கை, பிறகு வேறொரு முகம். இவற்றுக்கு நடுவே எத்தனை அடி தூரம், யார் யாரைப் பார்த்துத் தலையசைத்தார்கள் என்பது தெரிவதில்லை. நாலு பேர் சேர்ந்து வாசிக்கும் இசையில் இது பெரிய இழப்பு. பான்ஹம் ஓர் அடியைத் தள்ளிப்போடும்போது ஜோன்ஸ் திரும்பிப் பார்ப்பதும், பேஜ் ஒரு சொற்றொடரை நீட்டும்போது மற்ற இருவரும் காத்திருப்பதும்தான் இந்தக் குழுவின் உயிர். அதை ஒலியில் கேட்கிறோம். படம் அதைக் காட்டாமல் நழுவுகிறது. தனித்தனி மனிதர்களைப் பற்றிய ஆவணமாகச் சியாட்டில் செழிப்பு. ஒரு குழுவைப் பற்றிய ஆவணமாக ஏழை.

பார்வையின் பங்கீட்டிலும் நீதி இல்லை. பாடுபவர்மேல் கேமரா ஒட்டிக்கொள்வது உலகப் பொதுநோய். ராபர்ட் பிளாண்ட் இங்கே பெரும்பங்கை எடுத்துக்கொள்கிறார், அடுத்து பேஜ். பான்ஹம் தன் எஃகு டிரம்களுக்குப் பின்னால் பாதி மறைந்துபோகிறார். ஜோன்ஸ் ஓரத்தில் நிற்கும் கணக்கப்பிள்ளை போல விடப்படுகிறார். ‘டென் இயர்ஸ் கான்’ பாட்டுக்காக அவர் மூன்று கழுத்துள்ள இசைக்கருவியைச் செய்வித்து ஏந்திவந்த பருவம் இது. ‘அக்கிலீஸ் லாஸ்ட் ஸ்டாண்ட்’ பாட்டில் எட்டுத் தந்தி பேஸ் வாசித்தார். அந்தப் பாட்டின் இசைத்தட்டு வடிவத்தில் பேஜ் அடுக்கடுக்காகப் பதிந்த கிட்டார்களை மேடையில் ஒற்றை கிட்டாராகச் சுருக்கியபோது, விட்டுப்போன கனத்தை நிரப்பியது அந்த பேஸ்தான். அதைப் புரிந்துகொண்ட கேமரா ஜோன்ஸின் கைக்குப் போயிருக்கும். இசையைப் படித்துவிட்டு வந்த இயக்குநருக்கும், வந்த இடத்தில் பிரபலத்தைத் தேடும் இயக்குநருக்கும் வித்தியாசம் இங்கேதான் தெரிகிறது.

வெட்டுகளின் தாளம் பற்றியும் சொல்லவேண்டும். நேரலையில் படத்தை மாற்றுகிறவருக்கு அடுத்த நொடி என்ன வரும் என்பது தெரியாது. பாட்டின் அமைப்பை மனப்பாடம் செய்திருந்தால் ஒழிய அவர் இசைக்குப் பின்னால்தான் ஓடுவார். சியாட்டிலில் பல வெட்டுகள் அரை மூச்சு பிந்தியவை. தனி வாசிப்பு தொடங்கியபின் கிட்டார் தேடப்படுகிறது. ஆனாலும் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு: வெட்டுகள் அவசரப்படுவதில்லை. இன்றைய கச்சேரிப் படங்களில் இரண்டு நொடிக்கு ஒரு கோணம் மாறும்போது, வாசிக்கும் கை ஒரு சொற்றொடரைத் தொடங்கி முடிப்பதைப் பார்க்கவே முடிவதில்லை. இங்கே ஒரு காட்சி நிலைத்து நிற்கிறது. பிந்தினாலும் வந்து சேர்ந்தபின் தங்குகிறது. நான் பிந்திய பொறுமையையே தேர்ந்தெடுப்பேன்.

முறையும் பொருளும் ஒத்துப்போகும் பகுதி ஒன்று உண்டு: நடுவில் வரும் அமர்ந்து வாசிக்கும் பகுதி. அந்தச் சுற்றுப்பயணத்தின் வழக்கப்படி குழு முன்மேடைக்கு வந்து, நாற்காலிகளில் நெருக்கமாக உட்கார்ந்து, ‘தி பேட்டில் ஆஃப் எவர்மோர்’, ‘கோயிங் டு கலிபோர்னியா’ போன்றவற்றை வாசித்தது. இசைத்தட்டில் பாடகி சாண்டி டென்னி பாடிய பகுதியை மேடையில் ஜோன்ஸ் ஏற்றார். தூரம் சுருங்கியதால் அண்மைக் காட்சியின் ஊனம் இங்கே பாதியாகக் குறைகிறது. ஒரு முகத்துக்குப் பக்கத்தில் இன்னொருவரின் தோள் இருக்கிறது. கேட்பவரும் வாசிப்பவரும் ஒரே சட்டகத்தில் அமைய வாய்ப்பு வருகிறது. இதற்கு நேர் எதிர்முனை பேஜின் வயலின் வில் பகுதி. அந்த ஆண்டு அவரைச் சுற்றி லேசர் கதிர்கள் கூம்பாக எழும்பின. அது முழுக்க முழுக்கச் சேய்மையிலிருந்து பார்க்க வேண்டிய காட்சி. கதிர்களுக்குள் நிற்கும் மனிதனின் கன்னத்தைக் காட்டுவதில் என்ன பயன்? அரங்கிலிருந்தவர்கள் திரையை விட்டு மேடையைப் பார்த்திருப்பார்கள். அந்த வசதி நமக்கு இல்லை.

படத்தின் தரத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்கவேண்டும்: கேமரா தந்தது, பிரதி எடுத்தது. அக்காலக் குழாய்க் கேமராக்களுக்கு இருட்டு ஆகாது. குறைந்த வெளிச்சத்தில் அசையும் உருவம் தன் பின்னால் ஒரு நிழலை இழுத்துச்செல்லும். பிரகாசமான புள்ளி நகர்ந்தால் வால் முளைக்கும். கரிய பின்னணியில் விளக்கு பட்ட முகம் வெளிறும், சுற்றுப்புறம் சேறாகும். இவை சியாட்டிலின் குறைகள் அல்ல, ஒரு தலைமுறையின் தொழில்நுட்ப எல்லைகள். 525 வரிகளில், நொடிக்கு ஏறத்தாழ 60 அரைச்சட்டகங்களில் ஓடிய அமெரிக்க வீடியோ முறைக்கு ஒரு பெருமையும் உண்டு: அசைவு. 24 சட்டகத் திரைப்படத்தில் மங்கித் தேயும் டிரம் குச்சியின் வீச்சு வீடியோவில் துடிப்போடு இருக்கிறது. பான்ஹமைக் குறைவாகக் காட்டினாலும், காட்டிய சில இடங்களில் அவருடைய மணிக்கட்டின் வேகத்தை இந்தப் பதிவு அளவுக்குத் திரைப்படச் சுருள் தந்ததில்லை.

பிரதி எடுத்தது வேறு கதை. வீட்டு நாடாவில் ஒவ்வொரு நகலும் வண்ணத்தைக் கசியவிட்டு விளிம்பைத் தேய்த்தது. பல ஆண்டுகள் இந்தப் பதிவைப் பார்த்தவர்கள் சிவப்பும் பச்சையும் குழம்பிய ஒரு கலங்கலைப் பார்த்துவிட்டுக் கேமராக்காரரைக் குறைசொன்னார்கள். மூலத்துக்கு நெருங்கிய பிரதிகள் பின்னர் வந்தபோது அந்தக் குற்றச்சாட்டில் பாதி காணாமல் போயிற்று.

ஒலியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கிங்டோமின் எதிரொலியிலிருந்து தப்பியிருப்பது வரவு. ஒலி மெலிந்து, அரங்கத்தின் காற்று இல்லாமல் வறண்டிருப்பது செலவு. கூட்டத்தின் ஆரவாரம் எங்கோ கதவுக்கு வெளியே கேட்பது போலிருக்கிறது. காட்சியில் கூட்டம் இல்லை, ஒலியிலும் இல்லை. ஒரு குவிமாடம் நிறைந்த மக்கள் இந்தப் படத்திலிருந்து ஏறக்குறைய நீக்கப்பட்டுவிட்டார்கள்.

ஒப்பீடு இல்லாமல் தீர்ப்பு இல்லை. மூன்றை எடுத்துக்கொள்கிறேன். 1975 மே மாதம் லண்டன் எர்ல்ஸ் கோர்ட்டிலும் 1979 ஆகஸ்டில் நெப்வொர்த்திலும் இதே குழுவைக் கேமராக்கள் இதே முறையில், பெருந்திரையை மனத்தில் வைத்துப் பிடித்தன. அவை 2003இல் இயக்குநர் டிக் கரதர்ஸும் பேஜும் தொகுத்த இரட்டை டிவிடியில் அதிகாரபூர்வத் தகுதி பெற்றன. அங்கே என்ன செய்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. பல தடங்களில் பதிந்த ஒலியைப் புதிதாகக் கலந்தார்கள். நெப்வொர்த் பகுதியில், ரசிகர்கள் கூட்டத்திலிருந்து எடுத்த சிறிய சினிச் சுருள்களையும் இடையே சேர்த்தார்கள். திரைக்கான படத்தில் இல்லாத தொலைவையும் கூட்டத்தையும் கள்ளப்படத்திடமிருந்து கடன் வாங்கித்தான் அதிகாரபூர்வப் படம் முழுமை அடைந்தது. அந்தத் தொகுப்பின் முதன்மைப் பாடல் வரிசையில் 1970, 1973, 1975, 1979 இருக்கின்றன, 1977 இல்லை. அந்த இடைவெளியில்தான் சியாட்டில் உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாவது, புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1978 செப்டம்பரில் நியூ ஜெர்சி பசேயிக்கின் கேபிடல் தியேட்டரில் பாடிய கறுப்பு வெள்ளைப் பதிவு. அதுவும் அரங்கத்தின் சொந்தக் கேமராக்கள் பிடித்தது, அதுவும் கசிந்தது. வண்ணம் இல்லை, விவரமும் குறைவு. ஆனால் அது ஒரு தியேட்டர், மைதானம் அல்ல. கேமராவுக்கும் மேடைக்கும் இடையே பாடகர் நடந்து வருகிற தூரம்தான். குழுவினர் ஒரே சட்டகத்தில் விழுகிறார்கள். ஒருவர் இன்னொருவரைப் பார்ப்பது பதிவாகிறது. படத்தின் தெளிவில் சியாட்டிலுக்குப் பின்தங்கினாலும், ஒத்திசைவில் பசேயிக் முந்துகிறது.

மூன்றாவது முற்றிலும் வேறு காலம். 2009 ஆகஸ்ட் 23 அன்று பிராகில் ரேடியோஹெட் குழு வாசித்தபோது சுமார் ஐம்பது ரசிகர்கள் சிறு கையடக்கக் கேமராக்களோடு கூட்டத்தில் பிரிந்து நின்று படம் பிடித்தார்கள். குழு தன் ஒலிப்பதிவை அவர்களுக்குக் கொடுத்தது. 2010இல் படம் இலவசமாக வந்தது. சியாட்டிலின் தலைகீழ் வடிவம் இது. ஒலி அதிகாரபூர்வம், பார்வை கூட்டத்தினுடையது. தொலைவு, தலைகள், உயர்ந்த கைகள், அவற்றுக்கு அப்பால் மேடை: கச்சேரிக்குப் போன அனுபவம் அப்படியே இருக்கிறது. ஆனால் கூட்டத்துக்குள்ளிருந்து விரல்களைத் துலக்கமாகப் பிடிக்கும் வலு அந்தக் கருவிகளுக்கு இல்லை; ஐம்பது பேரின் உழைப்புக்கும் மரியாதை செய்யவேண்டிய கட்டாயம் தொகுப்பில் தெரிகிறது. கோணம் மாறுவதற்கு இசையில் காரணம் இல்லாத இடங்களிலும் கோணம் மாறுகிறது.

இவற்றுக்கு நடுவில் சியாட்டில் எங்கே நிற்கிறது? வாசிப்பின் ஆவணமாக, முதல் வரிசையில். அந்த ஆண்டின் லெட் செப்பலினைப் பற்றி எழுதுகிற எவரும் இதைப் பார்க்காமல் எழுதுவது பொறுப்பின்மை. இதற்குப்பின் அமெரிக்காவில் நால்வரும் சேர்ந்து வாசித்தவை மூன்றே கச்சேரிகள். கேமரா வேலையாக, கண்ணியமான இரண்டாம் வரிசை: நிதானம் உண்டு, இசை அறிவு போதாது, முகத்தின்மீது மோகம் அதிகம். கச்சேரித் திரைப்படமாக அதை எடைபோட முயன்றால் அது தேறாது, ஏனெனில் அதற்கு மேடை இல்லை, அரங்கம் இல்லை, மக்கள் இல்லை. முதலிரண்டு தீர்ப்புகளை மூன்றாவதோடு குழப்புவதால்தான் இந்தப் பதிவைப் பற்றிய விவாதம் நாற்பது ஆண்டுகளாக ஒரே இடத்தில் சுற்றுகிறது.

இப்போது ஒரு புதிய ஆபத்து சேர்ந்திருக்கிறது. பழைய வீடியோக்களைக் கணினி கொண்டு பெரிதாக்கி, கூராக்கி, ‘நான்கு கே’ என்று பெயர் சூட்டும் பழக்கம் பெருகிவிட்டது. 480 சொச்சம் வரிகளில் இல்லாத தோல் சுருக்கத்தை மென்பொருள் ஊகித்து வரைகிறது. பிளாண்டின் பல்வரிசை மெழுகுப் பொம்மையுடையதாகிறது. கிட்டார் தந்திகள் ஆறா ஏழா என்று எண்ண முடியாமல் ஒன்றுகலக்கின்றன. அதைவிட மோசம், ‘சினிமாத் தோற்றம்’ வேண்டி 60 அரைச்சட்டகங்களை 24 ஆகக் குறைப்பது. இந்தப் பதிவின் தலையாய சொத்து அசைவு. அதை எடுத்துவிட்டு, அதனிடம் எப்போதுமே இல்லாத கூர்மையை ஒட்டவைக்கிறார்கள். மூலத்துக்கு நெருங்கிய பிரதி, அதன் இயல்பான வேகத்தில், நிறத்தில் மட்டும் மிதமான திருத்தத்தோடு: பாதுகாக்க வேண்டியது அதுதான். அப்படி ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு ‘கோயிங் டு கலிபோர்னியா’வையும் ‘அக்கிலீஸ் லாஸ்ட் ஸ்டாண்ட்’டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். முன்னதில் கேமரா கேட்கிறது. பின்னதில் கேமரா பார்க்க மட்டும் செய்கிறது.